ஏழாவது திருத்தத்தில் நாய் சிரித்தது

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய பிராணிநேசன் என்று தப்பாக நினைத்துக்கொண்டு வாசலில் குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகக்கூடாது. பத்தொன்பது வருடமாக வளர்ப்புப் பிராணிகள் நல அலுவலகத்தில் படம் வரைகிறேன். நாய், பூனை, முயல், கிளி என்று வரைந்து வரைந்து கண் பூத்ததுதான் மிச்சம். மிட்டாய்க் கடையில் நாள் முழுக்க நிற்கிறவன் வீட்டுக்குப் போய் மிட்டாயா தின்பான்?

அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அது என் மனைவியுடையது.

அவள் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். போன வருடம் எங்கள் மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அவளைப் பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை. அன்று காலையில் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, முயல் போஸ்டரில் முயலின் காது இயக்குநரின் படத்தை மறைக்கிறது, உடனே வந்து காதைக் குறைக்க வேண்டும் என்றார்கள். "சரி சார்" என்று ஓடினேன். முயலுக்குக் காது குறைந்தது, எனக்கு வீட்டில் பேச்சு குறைந்தது. மகள் பஸ் கிளம்புகிறவரை ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதை என்னிடம் சொன்னதோடு என் மனைவி வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒருநாள் மாவுத் துணியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "என்ன பொட்டலம்?" என்று கேட்டேன். துணிக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அவள் அந்த மூக்கைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டியா, பொட்டலமாம். அப்பா உனக்குப் பேர் வெச்சாச்சு."

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வீட்டுத் தபால் சேவை. "பொட்டலம், அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது." "பொட்டலம், அம்மாகிட்ட சொல்லு, நான் வெளிய சாப்ட்டுட்டேன்." ஒவ்வொரு செய்திக்கும் அந்த மூன்று கிலோ நாய் ஒரு முறை குரைக்கும். வந்து சேர்ந்தது என்று அர்த்தம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இருந்தது அந்த ஒரு தந்திக் கம்பிதான். அதுவும் அறுந்தால் அந்த வீட்டில் நானும் ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

இனி நான் வரைந்த முதலுதவி அட்டையின் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகத்து மருத்துவர், நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் என் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். சின்ன நாய்க்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள பாதி நாய் செத்துப்போகுது. வீட்ல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா ரெண்டு நிமிஷ வேலை இது. படமா போட்டுக் குடுங்க, படிக்கத் தெரியாதவங்களும் பார்த்துச் செய்யணும்" என்றார்.

போட்டேன். என் வாயால் சொல்லக்கூடாது, நன்றாகவே போட்டேன். ஆறு படம். முதலில் வாயைத் திறந்து பார். அடைத்தது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடு, கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். இரண்டாவது, பின்னங்கால்களையும் இடுப்பையும் பிடித்துத் தூக்கித் தலை கீழே தொங்கும்படி பிடி. மூன்றாவது, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை சுள்ளென்று அடி. நான்காவது, அதன் முதுகை உன் வயிற்றோடு அணைத்து, விலா எலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக அழுத்து. ஐந்தாவது, மறுபடி வாயைப் பார், வரவில்லையென்றால் திரும்பச் செய். ஆறாவது, வெளியே வந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டு. கீழே சிவப்பில் ஓர் எச்சரிக்கை: நாயின் கடைவாய்ப் பற்களைத் தாண்டிப் போகிற அளவுக்குச் சின்னப் பந்தைக் கொடுக்காதீர்கள். மாதிரிக்குப் பொட்டலத்தையே வைத்து வரைந்தேன். வீட்டில் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது என் மனைவி. அன்றைக்கும் என்னிடம் அவள் பேசவில்லை. "இன்னும் எவ்ளோ நேரமாம், கேளு" என்று நாயிடம்தான் கேட்டாள்.

எங்கள் அலுவலகத்தில் ஓர் அட்டை அச்சுக்குப் போக வேண்டுமென்றால் ஏழு பேர் கையெழுத்து வேண்டும். ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு திருத்தம் சொன்னால்தான் அவர் அதைப் பார்த்தார் என்று அர்த்தம். திருத்தம் சொல்லாமல் கையெழுத்துப் போடுகிறவரை எங்கள் அலுவலகத்தில் சோம்பேறி என்பார்கள். ஆகவே ஏழு கையெழுத்து என்றால் ஏழு திருத்தம். இது எழுதாத சட்டம்.

கூட்ட அறையில் நீள மேஜை. மேஜைக்குப் பின்னால் சுவரில் எங்கள் அலுவலகத்தின் மிகப் புகழ்பெற்ற போஸ்டர், நான் வரைந்ததுதான்: 'பிராணிகளை அடிக்காதீர்கள்.' அதற்கு நேர் கீழே துணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு 'ஆனாலும்' என்று பெயர். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார்.

"நல்லாருக்கு. ஆனாலும், நாயைத் தலைகீழாத் தொங்க விட்டிருக்கீங்களே. பார்க்கிறவங்க மனசு புண்படாதா?"

"தொங்க விட்டாத்தான் சார் வெளிய வரும்" என்றார் டாக்டரம்மா.

"அது சரி. ஆனாலும், நேரா நிக்க வெச்சே சொல்லலாமே."

நாய் நேராக நின்றது. முதல் திருத்தம்.

அடுத்தது அடி. போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அடிக்காதே என்று சொல்கிற அலுவலகமே அடி என்று எப்படிச் சொல்லும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் அப்போது இருந்தது. 'அடி' என்பது 'தட்டு' ஆயிற்று. அடுத்த மேஜைக்குப் போனபோது 'அன்பாகத் தட்டிக்கொடு' ஆயிற்று. அங்கேயே முஷ்டியும் வன்முறையாம், அதை விரித்த கையாக்கினேன். திறந்த வாயில் பல் தெரிகிறது, குழந்தைகள் பயப்படும் என்றார்கள், வாயை மூடினேன். தொண்டை அடைத்த நாய்க்கு வாயை மூடிவிட்ட முதல் ஓவியன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ஐந்தாவது ஆளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, பாவம், கழுத்தில் ஒரு ரிப்பன் கட்டச் சொன்னார். மூச்சுத் திணறுகிற நாயின் கழுத்தில்.

ஆறாவது ஆள் இயக்குநரின் புகைப்படத்தைப் போடச் சொன்னார், இடம் போதவில்லை. கீழே இருந்த சிவப்பு எச்சரிக்கையை எடுத்தால் சரியாக இருக்கும் என்று 'ஆனாலும்' கண்டுபிடித்தார். எடுத்தேன். ஏழாவதாக இயக்குநரே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி. நாய் ஏன் சோகமா இருக்கு?"

"அதுக்குத் தொண்டை அடைச்சிருக்கு சார்."

"இருக்கட்டும். நம்ம அட்டை நம்பிக்கை குடுக்கணும் இல்லையா?"

"சரி சார்" என்றேன். நாய் சிரித்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அதைக் கையால் வரைந்து பார்த்தவன்.

டாக்டரம்மா இரண்டாவது திருத்தத்திலேயே எழுந்து, "இதுக்கு நாயைச் சாக விட்டுடலாம், அதுக்கு அட்டை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவரை மீன் பிரிவுக்கு மாற்றினார்கள். அலுவலகத்தின் பின்கட்டில் எட்டுக் கண்ணாடித் தொட்டி, அவற்றில் வண்ண மீன்கள், அவற்றுக்கு ஒரு டாக்டர். போகும்போது என்னைப் பார்த்தார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அந்தப் பென்சில் ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

வீணாய்ப் போன முதல் பிரதியை, ஆறு படமும் எச்சரிக்கையும் திருத்தப்படாமல் இருந்ததை, வீட்டுக்கு எடுத்து வந்தேன். நல்ல கெட்டி அட்டை. என் மனைவி அதைப் பொட்டலத்தின் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குக் கீழே போட்டுக்கொண்டாள், தரையில் சிந்தாமல் இருக்க. காலையும் மாலையும் குந்தி உட்கார்ந்து, அது சாப்பிட்டு முடிக்கிறவரை அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் மனதுக்குள் சிரித்தேன்.

அட்டை அச்சாகி வந்தது. வெளியீட்டு விழா என்றார்கள். வருகிற எல்லோருக்கும் ஓர் உறை, உறைக்குள் அட்டை, கூடவே அன்பளிப்பாக அலுவலகச் சின்னம் போட்ட சிவப்பு ரப்பர் பந்து. பந்து பெரிதாக இருந்தால் உறை ஒட்டாது என்று ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்குச் செய்ய வைத்திருந்தார்கள். சிவப்பு எச்சரிக்கையில் நாங்கள் கொடுக்காதே என்று எழுதிப் பிறகு எடுத்தோமே, அதே அளவு. இது யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் என்றால் எனக்கும்தான்.

"மேடையில ஒரு செயல்விளக்கம் வேணும்" என்றார் இயக்குநர். "உங்க நாயைத்தானே வரைஞ்சீங்க? அதையே கூட்டிட்டு வாங்க. சும்மா நின்னா போதும், நீங்க தட்டிக்குடுங்க, துணை இயக்குநர் மைக்ல படிப்பார்."

வீட்டில் சொன்னேன், அதாவது நாயிடம் சொன்னேன். என் மனைவி மாவு ஒட்டிய நகத்தைச் சுரண்டிக்கொண்டே, "பொட்டலம், அப்பாகிட்ட சொல்லு, மேடையெல்லாம் நமக்கு வேணாம்" என்றாள். நான் விடவில்லை. "பொட்டலம், அம்மாகிட்ட சொல்லு, பத்தொன்பது வருஷத்துல அப்பா பேரு மேடையில சொல்லப்போறது இதுதான் முதல் தடவை." அது குரைத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அதன் முதுகைத் தடவி, "பத்திரமா திருப்பிக் கொண்டுவரணுமாம், சொல்லிடு" என்றாள். அவளும் கூட வந்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

அலுவலக அரங்கம் நிறைந்திருந்தது. பேச்சு முடிந்து என் பெயரும் சொன்னார்கள், தப்பாகச் சொன்னார்கள், போகட்டும். மேஜைமேல் ஒரு துணி விரித்துப் பொட்டலத்தை நிறுத்தினேன். படத்தில் இருப்பதால் அதன் கழுத்திலும் ரிப்பன் கட்டியிருந்தார்கள். புகைப்படக்காரர் இயக்குநரிடம், "சார், பந்தை நாய்க்குக் காட்டுற மாதிரி ஒண்ணு" என்றார். இயக்குநர் உறையைப் பிரித்துச் சிவப்புப் பந்தை எடுத்துக் காட்டினார். காட்டினதோடு நின்றிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை, தூக்கிப் போட்டார்.

பொட்டலம் எம்பிக் கவ்வியது. அரங்கம் கைதட்டியது. அப்புறம் அது வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. கழுத்தை நீட்டியது. வயிறு உள்ளே இழுத்தது, ஆனால் காற்றுப் போகவில்லை. செயல்விளக்கம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. "நாய் எவ்வளவு அழகா நடிக்குது பாரு" என்று முன்வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

'ஆனாலும்' மைக்கைப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். "படி ஒன்று. பதற்றப்படாமல் நாயிடம் கனிவாகப் பேசவும்."

"சார், நிஜமா அடைச்சிருக்கு" என்றேன்.

"அதான் நமக்கும் வேணும்" என்று மைக்கை மூடிக்கொண்டு சொன்னார். "படி இரண்டு. அன்பாகத் தட்டிக்கொடுக்கவும்."

இப்போது நான் சொல்லப்போவதை என் வாழ்நாளில் யாரிடமும் சொல்ல விரும்பவில்லை. எனக்குத் தெரியும். ஆறு படத்தையும் ஒவ்வொரு கோடாக வரைந்தவன் நான். ஆனால் அந்த நேரத்தில் மண்டைக்குள் வந்து நின்றது ஏழாவது திருத்தம்தான். முதலில் வரைந்தது வரவே மாட்டேன் என்றது. மாற்றி மாற்றி வரைந்ததில் கையே மறந்துபோயிருந்தது. பின்னால் திரையில் என் அட்டை ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அதில் ஒரு நாய் ரிப்பன் கட்டிக்கொண்டு சிரித்தது. முன்னால் மேஜைமேல் அதே நாயின் நாக்கு நீலமாகிக்கொண்டிருந்தது. என் கை அதன் முதுகில் அன்பாகத் தட்டிக்கொடுத்தது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, எனக்கு இரண்டும் கண்ணெதிரே இருந்தும் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

நாயின் கால் மடங்கியது. எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பிடிக்காத நாய்க்காகத்தான் வந்தது.

"தள்ளுங்க."

என் மனைவி மேடையில் நின்றாள். மூன்றாவது வரிசையிலிருந்து எப்படி வந்தாள் என்று தெரியாது. அந்த வார்த்தை எனக்கா இயக்குநருக்கா என்பதும் தெரியாது; இரண்டு பேருமே தள்ளினோம். அவள் ரிப்பனைப் பிய்த்து எறிந்தாள். வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தாள். பந்து ஆழத்தில் இருந்தது, வழுக்கும், விரல் விடவில்லை. பின்னங்கால்களையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். தலை கீழே தொங்கியது. கூட்டத்தில் கைதட்டல் நின்றுபோனது.

வருடக்கணக்காக மாவு அறைந்த கை அது. எவ்வளவு பலம் வேண்டும், எவ்வளவு வேண்டாம் என்று அதற்குத் தெரியும். தோள்பட்டைக்கு நடுவில் ஒன்று. இரண்டு.

"அம்மா, அடிக்காதீங்க" என்றார் 'ஆனாலும்'. மைக் திறந்திருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

மூன்று. நான்கு. ஐந்து. வரவில்லை. அவள் நாயை நிமிர்த்தி முதுகைத் தன் வயிற்றோடு அணைத்தாள். விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஓர் அழுத்து. இன்னோர் அழுத்து. மூன்றாவதில் சிவப்புப் பந்து எச்சிலோடு தெறித்து, மேடையில் இரண்டு முறை துள்ளி, இயக்குநரின் ஷூவில் போய் முட்டி நின்றது.

பொட்டலம் ஒரு மூச்சு இழுத்தது. அந்த மாதிரிக் கோரமான சத்தத்தை நான் கேட்டதில்லை, அவ்வளவு இனிமையாகவும் எதையும் கேட்டதில்லை.

பிறகு இயக்குநர் மைக்கை வாங்கினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவரைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கும். "பார்த்தீர்கள் அல்லவா? இதுதான் நமது அட்டையில் உள்ள எளிய முறை" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என் மனைவி நாயைப் புடவையில் சுற்றிக்கொண்டு படி இறங்கிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

ஆறாவது படம், டாக்டரிடம் காட்டு. பின்கட்டு மீன் அறைக்குப் போனோம். டாக்டரம்மா ஒரு தொட்டியின் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு நாயின் தொண்டையை விளக்கடித்துப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்.

"தொண்டை உள்ள ரணமாயிருக்கு, மத்தபடி தப்பிச்சுது. கொஞ்ச நாள் கஞ்சி மாதிரி குடுங்க. குரைக்க விடாதீங்க, முக்கியம்." பிறகு என் மனைவியைப் பார்த்தார். "அட்டையைப் பார்த்தா செஞ்சீங்க?"

"ஆமா. கிண்ணத்துக்கு அடியில இருக்கிற அட்டை."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். சீவுவதற்கு அங்கே பென்சில்கூட இல்லை. மீன்களைப் பார்த்தேன், அவையும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அன்று முதல் வீட்டில் தபால் நின்றது. செய்தி சொன்னால் நாய் குரைக்கும், குரைத்தால் தொண்டை புண்ணாகும். ஆகவே அவள் அதனிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தால் விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். அதுவும் நாய்க்காக. தட்டு வைக்கும் சத்தம், குழாய் மூடும் சத்தம், அதைத் தவிர ஒன்றுமில்லை. நாய் பிழைத்தது, கம்பி அறுந்தது.

அலுவலகத்தில் அமர்க்களம். இயக்குநருக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அட்டையை இன்னும் இருபதாயிரம் அடிக்க உத்தரவு போட்டார். அந்த உத்தரவைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தேன். இருபதாயிரம் வீட்டில் இருபதாயிரம் பேர் அன்பாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு வேலையை யாரும் சொல்லாமல் செய்தேன். முதல் பிரதியின் ஆறு கட்டத்தையும் மறுபடி வரைந்தேன். தலைகீழ், அடி, முஷ்டி, திறந்த வாய், எல்லாம். இயக்குநரின் புகைப்படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். பழைய சிவப்பு எச்சரிக்கையை அந்தப் படத்துக்குக் கீழே அவருடைய பொன்மொழி மாதிரி போட்டேன்: 'கடைவாய்ப் பற்களைத் தாண்டிப் போகும் சின்னப் பந்தைக் கொடுக்காதீர்கள் - இயக்குநர்.' தலைப்பில் எழுதினேன்: 'இயக்குநர் அவர்கள் மேடையில் விளக்கிக் காட்டிய முறைப்படி.'

'ஆனாலும்' கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "நல்லாருக்கு. ஆனாலும், இதுல அடிக்கிற மாதிரி…"

"அன்னைக்கு இயக்குநர் மேடையில இதைத்தானே சார் நம்ம முறைன்னார்? மாத்தணும்னா மாத்திடலாம். நீங்க சொன்னீங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டு மாத்திடறேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய பேனா அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. மற்றவர்களும் போட்டார்கள். இயக்குநர் தன் புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இப்பதான் சரியா வந்திருக்கு" என்றார். அன்பளிப்புப் பந்துகளையும் நான் விட்டு வைக்கவில்லை. பந்தில் இயக்குநரின் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். நாய் சாகும் என்று எழுதியிருந்தால் ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள்; பெயர் விட்டுப்போச்சு என்றதும் வீடு வீடாக ஆள் போய், இரண்டே நாளில் எல்லாப் பந்துகளும் மூட்டையாக வந்து சேர்ந்தன.

அச்சான அட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி கிண்ணத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். பொட்டலம் கஞ்சியை நக்கிக்கொண்டிருந்தது. புது அட்டையை அவள் பக்கத்தில் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தாள். கிண்ணத்தை நகர்த்திக் கீழே இருந்த பழைய அட்டையையும் பார்த்தாள். கறை படிந்து, ஓரம் ஊறிப்போயிருந்தது, ஆனாலும் கோடு ஒன்றும் அழியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டே வந்தாள்.

"முதல்லயே சரியாத்தானே வரைஞ்சிருந்தீங்க" என்றாள். "எதுக்கு மாத்துனீங்க?"

அவள் நாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள். ஒரு வருடத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்து வந்த கேள்வி அது. பழக்கதோஷம், என் கண் நேராக நாயிடம் போனது.

"பொட்டலம், அம்மாகிட்ட சொல்லு…"

"அதுக்குத் தொண்டை இன்னும் ஆறல" என்றாள். "என்கிட்டயே சொல்லுங்க."

நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொட்டலம் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. முயலின் காதிலிருந்து ஆரம்பித்தேன்.